சாக்காடு முதல் கொடுப்பனவு வரை: வினையில் பிறந்த அரிய பெயர்களைத் தேடிப் பிடிக்க ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு பாடசாலையின் அறிவித்தல் பலகையை நின்று வாசித்துப் பாருங்கள். வரவு, அடைவு மட்டம், பெறுபேறு, விடுகைப் பத்திரம், கொடுப்பனவு, கற்கைநெறி என்று வரிசையாக வரும். வா, அடை, பெறு, விடு, கொடு, கல் என்ற மிக எளிய வினைகள்தான் இவற்றுக்கு வேர். வினையோடு ஒரு விகுதி சேர்ந்தோ, வினையே சற்று உருமாறியோ பெயராகிவிட்டது. இலக்கணம் இவற்றைத் தொழிற்பெயர் என்கிறது.

இந்தப் பெயர்களை ஆக்க எத்தனை விகுதிகள் உண்டு? நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் தமது இலக்கணச் சுருக்கத்தில் பத்தொன்பதை அடுக்கித் தருகிறார்: தல், அல், அம், ஐ, கை, வை, கு, பு, உ, தி, சி, வி, உள், காடு, பாடு, அரவு, ஆனை, மை, து. இவற்றோடு "பிறவும்" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக் கதவைத் திறந்து வைக்கிறார். இன்று நாம் எழுதும்போது கைக்கு வருவது தல், பு, வு, மை என்ற நாலைந்துதான். மீதியெல்லாம் செத்துப்போன விகுதிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அவற்றிற் பல நமது சமையலறையிலும் வயலிலும் காணி உறுதியிலும் இன்னும் நடமாடுகின்றன. அவற்றை இனங்கண்டு, சரிபார்த்து, எழுத்தில் பயன்படுத்துவது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: வினையின் அடியைக் கண்டுபிடியுங்கள்

ஒரு பெயர்ச்சொல்லை எடுத்ததும் அதற்குள் ஏவல் வினை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய கட்டளையாக அது இருக்க வேண்டும். பார்வை என்றால் பார். மறதி என்றால் மற. போக்கு என்றால் போ. கல்வி என்றால் கல்.

அடி கிடைத்தால் மட்டும் போதாது. அந்த அடியின் பொருளும் பெயரின் பொருளும் ஒட்ட வேண்டும். வாடகை என்ற சொல்லில் 'வாடு' தெரிகிறது, 'கை' விகுதியும் தெரிகிறது. ஆனால் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கும் வாடுவதற்கும் தொடர்பில்லை. அது வடமொழியிலிருந்து வந்த சொல். பொருள் ஒட்டாத இடத்தில் உடனே நின்றுவிடுங்கள்.

படி 2: பொருத்தில் நடந்த மாற்றத்தைப் பிரித்தறியுங்கள்

அடியும் விகுதியும் சேரும் இடத்தில் எழுத்து மாறும். மாணவர்கள் அடியைத் தவறவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். காண், சி என்பவை சேர்ந்து காட்சி. ஆள், சி சேர்ந்து ஆட்சி. முயல், சி சேர்ந்து முயற்சி. ண், ள் வந்தால் ட் ஆகும், ல் வந்தால் ற் ஆகும் என்று நினைவில் வைத்தால் பயிற்சிக்கு அடி பயில் என்பது தானாக விளங்கும்.

ஆடு, ஓடு, மாறு, ஏறு போன்றவை ஆட்டம், ஓட்டம், மாற்றம், ஏற்றம் ஆகும்போது உள்ளே ஒற்று இரட்டிக்கிறது. நல்லூர்க் கொடியேற்றத்தில் இருப்பது இந்த ஏறுதான்.

விகுதியே இல்லாமல், வினையின் முதல் எழுத்து நீண்டு பெயராவதும் உண்டு. கெடு கேடாகும், சுடு சூடாகும், பெறு பேறாகும், படு பாடாகும், இடு ஈடாகும். இதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். மதிப்பீடு, ஒதுக்கீடு, வெளியீடு, முதலீடு எல்லாம் இடு என்ற வினை நீண்டதால் வந்தவை. நமது ஊரில் காணியையோ வீட்டையோ ஈடு வைப்பதும் இந்த ஈடுதான். பரீட்சைப் பெறுபேற்றில் இன்னும் அழகான வேலை நடந்திருக்கிறது: பெறு என்ற அடி மாறாமல் ஒருதடவையும், நீண்டு பேறாகி இன்னொரு தடவையும் வந்து ஒரே சொல்லாக நிற்கிறது.

படி 3: அரிய விகுதிகளை ஒவ்வொன்றாகப் பழகுங்கள்

இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரு விகுதிக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொண்டாலும் தகும்.

காடு. எனக்கு மிகப் பிடித்தது இது. சாக்காடு, நோக்காடு, வேக்காடு. சாதல், நோதல், வேதல் என்ற மூன்றிலிருந்தும் வந்தவை. அடிகளைக் கவனியுங்கள்: சா, நோ, வே. மூன்றும் ஓரெழுத்து, மூன்றும் நெடில். திருவள்ளுவர் 339ஆம் குறளில் சாக்காட்டை உறங்குவதற்கும், பிறப்பை உறங்கி விழிப்பதற்கும் ஒப்பிடுகிறார். சாவு என்ற சொல் அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த இடத்தில் சாக்காடு என்று நீட்டிச் சொல்லும்போது ஒரு நிலையின் முழுப் பரப்பும் கண்முன் வருகிறது. நோவு ஒரு கணத்தில் வந்து போகலாம். நோக்காடு விடாமல் கிடந்து வருத்துவது. விகுதி மாறினால் பொருளின் நிறம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு பொறி உண்டு. சுடுகாடு, இடுகாடு இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையல்ல. அங்கே காடு என்பது இடத்தைக் குறிக்கும் தனிச்சொல். சுடுகின்ற காடு, இடுகின்ற காடு என்று விரித்துச் சொல்ல முடிகிறது. சாக்காட்டை அப்படி விரிக்க முடியாது.

உள். அடுத்த அரியது இது. விக்கு என்பதிலிருந்து விக்குள். நாம் விக்கல் என்கிறோம். குறள் 335 விக்குள் என்கிறது, உயிர் பிரியும் நேரத்து விக்கலுக்கு. சாக்காடும் விக்குளும் நிலையாமை என்ற ஒரே அதிகாரத்தில் வருவது, அரிய விகுதிகளைத் தேடுகிறவருக்கு ஒரு புதையல். அந்த அதிகாரத்தை ஒருதடவை பென்சிலோடு வாசியுங்கள். செய்யுள் என்பதும் செய் என்ற அடியோடு உள் சேர்ந்தது என்றுதான் சொல்வார்கள்.

அரவு. நாவலர் காட்டும் சொல் தோற்றரவு. அதன் உடன்பிறப்பு தேற்றரவு, அதாவது தேற்றுதல். இந்த விகுதி வழக்கொழிந்துவிட்டது என்று சொல்லுமுன் தேவாலயத்தில் வேத வாசிப்பைக் கேளுங்கள். தமிழ் வேதாகமத்தின் யோவான் சுவிசேஷத்தில் வரும் தேற்றரவாளன் என்ற சொல்லை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டு வளர்கிறார்கள்.

ஆனை. வா என்பதிலிருந்து வாரானை. இதைப் பிள்ளைத்தமிழ் காப்பாற்றி வைத்திருக்கிறது. குழந்தையைத் தளர்நடை நடந்து வரும்படி அழைக்கும் பருவத்துக்கு வாரானைப் பருவம் என்று பெயர். அதையே வருகைப் பருவம் என்றும் சொல்வார்கள். ஒரே அடி, ஒரே பொருள், இரண்டு விகுதி. வருகை நம்மோடு தங்கிவிட்டது, வாரானை பாட்டோடு தங்கிவிட்டது.

வி. கல்வியும் கேள்வியும் எல்லாருக்கும் தெரியும். வேள்விக்கு அடி வேள் என்பது கொஞ்சம் யோசித்தால் வரும். ஆனால் வயல் ஊர்களில் நெல் அறுப்பதை அரிவி வெட்டு என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அரி என்றால் வெட்டு, அறு. அதிலிருந்து அரிவி. பலர் இப்போது அருவி வெட்டு என்று உச்சரிப்பதால் சொல்லின் அடி மறைந்துபோகிறது. எழுதும்போதாவது அரிவி என்று எழுதினால் அரிவாளோடு அதற்குள்ள உறவு தெரியும்.

பாடு. இது ஒரு சிக்கலான விகுதி. வழிபாடு, கட்டுப்பாடு, ஈடுபாடு, புறப்பாடு போன்றவற்றுக்கு வழிபடு, கட்டுப்படு, ஈடுபடு, புறப்படு என்று வினைகள் இருக்கின்றன. ஆகவே அங்கே பாடு என்பது படு நீண்ட வடிவம். சாப்பாடும் கூப்பாடும் அப்படியல்ல. சாப்பிடு, கூப்பிடு என்று இடுவில் முடிகிற வினைகள் பாடு என்று முடிகின்றன. கோட்பாட்டில் அடி கொள். நாவலர் விகுதிக்கு எடுத்துக்காட்டாகத் தருவது இதை. ஆக, பாடு என்று முடிகிற ஒரு சொல் வந்தால், முதலில் 'படு' போட்டுச் சொல்லிப் பாருங்கள். வினை கிடைத்தால் ஒரு பெட்டி, கிடைக்காவிட்டால் இன்னொரு பெட்டி. குருநகரிலோ பாஷையூரிலோ கரையில் நின்று, "அண்ணை, இண்டைக்கு மீன்பாடு எப்பிடி?" என்று கேட்டால், வலையில் மீன் படுவதன் பெயரைத்தான் கேட்கிறீர்கள்.

து, கு என்ற இரண்டுக்கும் எடுத்துக்காட்டுகள் குறைவு. பாய்த்து, போக்கு என்பவற்றை அறிந்துவைத்தால் போதும். மை வினையோடு சேரும்போது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: கல்லாமை, நடவாமை, வெஃகாமை. பெருமை, சிறுமை வேறு வகை; அவற்றின் அடி வினையல்ல, பண்பு.

படி 4: பட்டியலுக்கு வெளியே தேடுங்கள்

நாவலர் "பிறவும்" என்றார் அல்லவா, நமது ஊர்த் தமிழ் அதில் நிறையச் சேர்த்திருக்கிறது.

மதி என்ற முடிவைப் பாருங்கள். ஏற்றுமதி, இறக்குமதி, பெறுமதி. கடைசிச் சொல் இலங்கையில் தினசரிப் புழக்கத்தில் உள்ளது. ஆனால் அனுமதியும் வெகுமதியும் இந்த வரிசையில் சேரா. அவை வடமொழிச் சொற்கள். மானம் என்ற முடிவில் வருமானம், கட்டுமானம், பெறுமானம், அடைமானம். சல் என்று முடிபவை பேச்சில் அதிகம்: விளைச்சல், மேய்ச்சல், காய்ச்சல், எரிச்சல். "கரைச்சல் தராதை" என்று ஒரு பிள்ளையை அதட்டும்போது, கரை என்ற வினையிலிருந்து தொல்லைக்கு ஒரு பெயர் செய்திருக்கிறோம்.

கொடுப்பனவு, கொள்வனவு இரண்டும் தனிக் கவனத்துக்குரியவை. கொடுப்பன என்றால் கொடுக்கப்படுபவை. கொள்வன என்றால் வாங்கப்படுபவை. அந்தப் பன்மைப் பெயரோடு உகரம் சேர்ந்து கொடுப்பனவு, கொள்வனவு ஆகியிருப்பதுபோல் தெரிகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு இவை புதிதாக ஒலிக்கும். நமக்கு இவை சம்பளச் சீட்டிலும் பற்றுச்சீட்டிலும் வரும் சாதாரணச் சொற்கள்.

படி 5: பொறிகளைத் தனித் தாளில் எழுதி வையுங்கள்

வடிவம் ஒத்திருந்து அடி வேறான சொற்களைத் தனியாகச் சேர்த்தால் பிறகு தடுமாற மாட்டீர்கள். துவையல், பொரியல், வறுவல் மூன்றும் அல் விகுதி பெற்றவை. சம்பல் பெறவில்லை, அது மலாய்ச் சொல். தகுதி, மறதி, கெடுதி, மிகுதி என்பவற்றில் தி விகுதி. வசதியில் அப்படி இல்லை. தீர்ப்பு தீர் என்பதிலிருந்து வந்தது, நல்லூர்த் தீர்த்தம் அதிலிருந்து வரவில்லை. இந்தத் தாள் வளர வளர உங்கள் காது கூர்மையாகும்.

படி 6: செயலா, செயலால் வந்த பொருளா என்று கேளுங்கள்

பொங்கல் என்றால் பொங்குதல் என்ற செயல். ஆனால் "பொங்கல் சாப்பிட்டோம்" என்றால் பொங்கிய பண்டம். இப்படிச் செயலின் பெயர் அச்செயலால் விளைந்த பொருளுக்கு ஆகி வருவதைத் தொழிலாகுபெயர் என்பார்கள். நமது சமையலறை இந்தப் பாடத்துக்கு மிக நல்ல வகுப்பறை. வறு என்ற ஒரே வினையிலிருந்து வறுவல் ஒரு பண்டம், வறை இன்னொரு பண்டம். சுறா வறையையும் முருங்கையிலை வறையையும் யாரும் வறுவல் என்று சொல்ல மாட்டார்கள். அல் விகுதி ஒரு கறிக்கும் ஐ விகுதி வேறொரு கறிக்கும் பெயராகி, இரண்டும் குழம்பாமல் நிற்கின்றன.

காணி விடயத்திலும் இப்படித்தான். உறுதி என்றால் திடம் என்பது பொதுப் பொருள். யாழ்ப்பாணத்தில் "உறுதி எங்கே?" என்று கேட்டால் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுப்பார்கள். நன்கொடை உறுதி என்ற தொடரில் கொடு என்பதன் கொடையும் உறு என்பதன் உறுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அடைவு என்ற சொல்லுக்கு நகைக்கடை வாசலில் ஒரு வாழ்க்கை, பாடசாலையில் இன்னொரு வாழ்க்கை. நகையை அடைவு வைக்கிறோம். மாணவரின் அடைவு மட்டத்தை அளக்கிறோம்.

படி 7: மூன்று சாட்சி தேடுங்கள்

ஒரு சொல் அரியது என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது. இலக்கியத்தில் ஒரு சான்று, அகராதியில் ஒரு சான்று, வாய்ப்பேச்சில் ஒரு சான்று என்று தேடுங்கள். மூன்றும் கிடைத்தால் நல்லது, குறைந்தது இரண்டு வேண்டும்.

அகராதிக்கு யாழ்ப்பாணத்தார் வெளியே போக வேண்டியதில்லை. மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் 1842இல் வெளியிட்ட அகராதி 58,500 சொற்கள் கொண்டது. மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் அதைச் சொல்வார்கள். உடுவிலில் பணியாற்றிய மிரன் வின்ஸ்லோ பின்னர் சென்னையில் 1862இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் யாழ்ப்பாண வழக்குகளுக்கு 'ஜே' என்ற ஆங்கில எழுத்தை அடையாளமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அடையாளத்தைக் கண்ணில் வைத்துப் பக்கம் புரட்டினால், வேறு ஊரில் கிடைக்காத தொழிற்பெயர்கள் வந்து விழும். வின்ஸ்லோவையும் லெக்சிகனையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையத் தளத்தில் சொல் கொடுத்துத் தேடலாம். ஈழத்துப் பழைய நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் நூலகம் என்ற மின்னூலகம் இருக்கிறது.

வாய்ப்பேச்சுக்கு முதியவர்களிடம் போங்கள். "ஆச்சி, இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் சரியான விடை கிடைப்பது அரிது. "ஆச்சி, அந்தக் காலத்திலை தோட்டத்துக்கு எப்பிடி இறைச்சனீங்கள்?" என்று கேளுங்கள். இறைப்பு முதற்கொண்டு பல சொற்கள் கதையோடு கதையாக வரும். குறுக்கிடாமல் கேட்டுவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

படி 8: எழுத்தில் பயன்படுத்துங்கள்

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்தப் படிதான் மிகத் தேவை. 'மென்ட்' என்று முடியும் ஐந்து ஆங்கிலச் சொற்களை எடுங்கள்: பேமென்ட், புரொக்யூர்மென்ட், அச்சீவ்மென்ட், ஜட்ஜ்மென்ட், அக்ரிமென்ட். ஆங்கிலத்தில் ஐந்துக்கும் ஒரே வால். தமிழில் கொடுப்பனவு, பெறுகை, அடைவு, தீர்ப்பு, உடன்படிக்கை என்று ஒவ்வொன்றும் தன் வழியில் போகிறது. ஆங்கில விகுதிக்கு நேரான தமிழ் விகுதி என்று ஒன்றைப் பிடித்துவைத்து எல்லா இடத்திலும் ஒட்டினால் வசனம் விறைத்துப்போகும். ஆங்கிலத்திலும் அரிய விகுதிகள் உண்டு. குரோ என்ற வினை குரோத் ஆவதும், ஸ்டீல் என்பது ஸ்டெல்த் ஆவதும் நமது காடு, உள் போலப் புதிய சொற்களுக்கு இப்போது எளிதில் வருவதில்லை. இருக்கிறதைக் காப்பாற்றிப் பயன்படுத்துகிறார்கள்.

இலங்கைத் தமிழ் 'கை' விகுதியை மிக நன்றாக ஆண்டிருக்கிறது. பயிர்ச்செய்கை, கற்கை, பெறுகை, விடுகை, நாடக அரங்கில் ஆற்றுகை. புதிய சொல் ஆக்க வேண்டுமென்றால் முதலில் இதை முயன்று பாருங்கள். வு, பு, அல், அம் என்பவையும் உயிரோடு உள்ளன: பகிர்வு, தேடல், தரவிறக்கம், பதிவேற்றம் எல்லாம் நம் காலத்துப் பிள்ளைகள். ஆனையையும் அரவையும் வைத்துப் புதிதாக ஆக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வாசகர் தடக்குவார். அவற்றில் ஏற்கெனவே உள்ள சொற்களை உரிய இடத்தில் எடுத்தாளுங்கள். துக்க வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் தேற்றரவு என்ற சொல் எவ்வளவு இதமாக இருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

பழைய சொல்லை எடுக்கும்போது அதன் இன்றைய பொருளையும் பாருங்கள். சூழ்ச்சி என்றால் வள்ளுவருக்கு ஆராய்ந்து எண்ணுதல். இன்று அது சதி. "குழுவின் சூழ்ச்சி" என்று நல்லெண்ணத்தோடு எழுதினாலும் நீதிமன்ற வழக்குத்தான் வரும்.

படி 9: குடும்பமாகச் சேர்த்துப் பயிலுங்கள்

முதற் பயிற்சிக்கு 671ஆம் குறளைத் தருகிறேன்: "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது." ஏழு சீருக்குள் சூழ்ச்சி, முடிவு, துணிவு, எய்தல், தாழ்ச்சி, தங்குதல் என்று ஆறு தொழிற்பெயர்கள் இருக்கின்றன, துணிவு இரண்டு முறை வருகிறது. அடியையும் விகுதியையும் பிரித்து எழுதுங்கள். தாழ்ச்சி இங்கே காலம் தாழ்த்துவது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு வினையை எடுத்து அதன் பிள்ளைகளை ஒரு பக்கத்தில் கூட்டுங்கள். தீர் நல்ல தொடக்கம். சிக்கலுக்குத் தீர்வு, நீதிமன்றத்தில் தீர்ப்பு, துறைமுகத்தில் சுங்கத் தீர்வை, கூட்டத்தில் தீர்மானம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பாருங்கள், ஒன்றுகூடப் பொருந்தாது.

அது முடிந்தால் விடு. இது நமது ஊருக்கே உரிய பக்கம். விடு நீண்டால் வீடு, குடியிருக்கும் வீடும் முத்தியாகிய வீடும். தங்குவதற்கு விடுதி. பாடசாலையை விட்டுப் போகும்போது விடுகைப் பத்திரம். சிறைக்கு விடுதலை. கேள்விக்கும் விடை, பிரியும்போதும் விடை. தமிழ்நாட்டில் அலுவலகத்துக்குப் போகாதிருக்க எடுப்பது விடுப்பு. யாழ்ப்பாணத்தில் அடுத்த வீட்டுச் சங்கதியை அறியும் ஆவல் விடுப்பு. வேலியால் எட்டிப் பார்க்கிறவரை "விடுப்புப் பாக்கிறார்" என்போம். இந்தப் பக்கத்தை எழுதி முடித்ததும் கொள் என்ற வினைக்குப் போங்கள். கோள், கொள்கை, கொள்வனவு, கோட்பாடு வரை நான் தந்துவிட்டேன். மீதியை அகராதியோடு இருந்து நீங்கள் சேர்க்கலாம்.